மலைக் கன்றுகளுக்குச் சாறன் தைத்தவர்

கல்முனைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீராமுகைதீன் டெய்லரின் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவர் முதலில் சிரிப்பார். பிறகுதான், "மரத்து டெய்லரா? அந்தா, பள்ளிவாசல் ஒழுங்கையால நேர போங்க" என்பார். சிரிக்காமல் வழி சொன்னால் அவர் வெளியூர்க்காரர்.

அந்தப் பெயர் வருவதற்கு முன் மீராமுகைதீன் வெறும் பள்ளிக்கூட டெய்லர். கல்முனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் தைத்த வெள்ளைச் சட்டையோடுதான் அ, ஆ படித்தார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவருடைய பழைய மெசினைக் கடலே கொண்டுபோயிற்று. வேறொன்று வாங்கி, மறுபடியும் அதே வெள்ளைச் சட்டைக்கே திரும்பினார். உலகம் ஒழுங்காக இருக்கிறதா என்பதை அவர் கொலரை வைத்துத்தான் முடிவு செய்வார். கோணல் கொலரைக் கண்டால் அவருடைய கை தானாகவே போகும். ஒரு ஜனாஸாவில், முன் வரிசையில் தேம்பி அழுதுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரின் கொலரைப் பின்னால் நின்று நிமிர்த்திவிட்டிருக்கிறார். தன் சொந்த நிக்காஹ்வில், போட்டிருந்த கோட்டின் ஒரு கை மற்றதைவிட நீளம் என்பதைக் கண்டுபிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிக்காஹ் நடத்திய லெப்பை சம்மதம் கேட்டது காதில் விழவில்லை. மாப்பிள்ளைக்குச் சம்மதமில்லையோ என்று பெண்வீட்டார் எழும்பத் தொடங்கிய பிறகுதான் பதில் சொன்னார். அந்தக் கதையை அவருடைய மனைவி ஜெமீலா இன்னமும் மறக்கவில்லை.

ஒரு மத்தியானம், வெயில் தார்ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், யதுசா கடைக்குள் வந்தாள். பாண்டிருப்புப் பிள்ளை; ஊரைப் போலவே அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள். முதலாம் வகுப்பிலிருந்து அவளுக்குச் சட்டை தைத்தவர் இவர்தான். மடமடவென்று வளர்ந்தவள், வருஷா வருஷம் கீழ் மடிப்பை அவிழ்த்துவிடச் சொல்லியே அவரை அலுக்கவைத்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் மரம், செடி பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"காக்கா, கொஞ்சம் சட்டை தைக்கணும்."

"ஒனக்கா மகள்?"

"எனக்கில்ல. மரத்துக்கு."

மீராமுகைதீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இரி மகள். வெயிலுக்க வந்திரிக்காய்" என்று கதிரையைக் காட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி, "ஜெமீலா, புள்ளைக்கு ஒரு பிளேன்டி! சீனியக் கூடப் போடு!" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்த பிறகும் யதுசா அதையேதான் சொன்னாள். நுவரெலியாவுக்கும் மேலே ஒரு புல்வெளி. புல்லைச் சுற்றிக் காடு. அந்தக் காட்டின் ஓரத்தில் அவள் கன்றுகள் நட்டிருக்கிறாள். அவற்றுக்குத்தான் சட்டை.

"முந்தி அங்க மூடுபனி நெடுக இறங்கும் காக்கா. மரம் அதையே குடிச்சு வளரும். இப்ப பனிமூட்டம் குறையுது, வெக்க கூடுது. உச்சியில இரிக்கிற பெரிய மரங்கள் நுனியில இருந்து காஞ்சு வருது. காட்டுக்குள்ள இரிக்கிற ஓணான், குருவி, தவளையெல்லாம் குளிரத் தேடி மேலுக்கு ஏறுது. கீழ இரிந்ததெல்லாம் அதுகள்ற இடத்துக்கு வருது. அதுகள் இன்னும் மேல போகுது."

"போகட்டுமே?"

"போய்ப் போய் உச்சிக்கு வந்திட்டு காக்கா. அதுக்கு மேல மலை இல்ல."

மீராமுகைதீன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பொறகு?"

"பொறகு ஒண்டுமில்ல. அதுதான் பிரச்சின."

காடு பின்வாங்கிய இடத்தில் கன்று நட்டால் பகல் வெயில் வாட்டுகிறது, விடியற்காலை உறைபனி கருக்குகிறது, மிஞ்சியதை மரை மான் மேய்கிறது. பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பார்த்தார்கள். உள்ளே கன்று அவிந்துபோயிற்று. கம்பிவலை கட்டினார்கள், உறைபனி தாராளமாக உள்ளே போயிற்று. காற்றுப் புக வேண்டும், உறைபனி புகக் கூடாது, அடிக்கடி கழற்றி வளர்த்தியை அளந்துவிட்டுத் திரும்பப் போடவும் முடிய வேண்டும்.

"அப்ப பட்டன் வெச்சுத்தான் தைக்கணும்" என்றார் மீராமுகைதீன். அந்த ஒரு சொல்லோடு, பிள்ளைக்கு வெயில் ஏறிவிட்டது என்ற சந்தேகம் அவரை விட்டுப் போயிற்று. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆம்பிளையா பொம்பிளையா?"

"யாரு?"

"மரம். பட்டன் எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு தெரியணுமே."

யதுசா படித்த பெண். கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "சிலது ஆண், சிலது பெண். சிலது ரெண்டும் ஒண்டாவே இரிக்கும் காக்கா."

மீராமுகைதீன் ஜெமீலாவைப் பார்த்தார். ஜெமீலா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில், எல்லாவற்றுக்கும் முன்பக்கம் நடுவில் பட்டன் வைப்பது என்றும், வளர்கிற பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் தளர்வாக வெட்டி, மடிப்பை உள்ளே விட்டுத் தைப்பது என்றும் முடிவாயிற்று.

துணியின் நிறத்தில்தான் சிக்கல் வந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம். எதிரே தேநீர் விற்கிற சாயக்கடை அப்துல் ஸமடுக்கு விஷயம் தெரிந்து, அவர் வழியாக ஊருக்கே தெரிந்துவிட்டது. மரம் பச்சை, அதற்குப் பச்சைச் சட்டையே பொருத்தம் என்று மீராமுகைதீன் நினைத்தார். அதே நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கட்சிக்காரர் வந்து கையைக் குலுக்கி, "நம்மட நிறத்த மலையில ஏத்துறீங்களாம், சந்தோஷம்" என்றார். பயந்துபோய் நீலம் என்றார். மறுநாள் நீலக் கட்சிக்காரர் வந்து கட்டியணைத்தார். சிவப்பை யோசித்ததற்கே இரண்டு பேர் வாசலில் வந்து நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த நிறங்களைச் சுயேச்சைக் குழுக்கள் ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

"வெள்ளையே போட்டிருவம்" என்றார் வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்து.

"வேணா" என்றாள் ஜெமீலா. "உசிரோட நிக்கிற கண்டுக்கு வெள்ளச் சீலையச் சுத்துறதா? அது மௌத்துக்கு."

"நான் ஆயிசு முழுக்க வெள்ளதானே தைக்கிறன்?"

"அது பள்ளிக்குடத்துக்கு. ஒங்கட மரம் என்ன பள்ளிக்குடம் போகுதா?"

அவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். மருதமுனைக் கைத்தறிச் சாறன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் கோடு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டம். எந்தக் கட்சிக்காரனும் வீட்டுக்குப் போனால் உடுப்பது இதைத்தான். அடுத்த நாள் மருதமுனைக்குப் போய்த் தறியிலிருந்தே துணியெடுத்து வந்தார். இப்படித்தான் இலங்கையின் மலைக்காட்டு ஓரத்துக்குச் சாறன் போயிற்று.

தைத்து முடித்த சட்டைகளை அவர் அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் கஞ்சி போடாத உருப்படி அவர் கடையிலிருந்து வெளியே போனதே இல்லை. ஜெமீலா சோறு வடித்த கஞ்சியை வாளி வாளியாக வாங்கி, சட்டையெல்லாம் முக்கி, காயவைத்து, விறைக்க விறைக்க அயன் பண்ணி அடுக்கினார். ஜெமீலா உலைக்கு உப்புப் போடுகிறவள். இதைப் பற்றி அந்த நேரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை.

யதுசாவின் வேனில் மலைக்குப் போனார்கள். கழுத்தளவு எடுக்காமல் சட்டையை ஒப்படைக்க மாட்டேன் என்று மீராமுகைதீன் பிடிவாதமாக நின்றதால் அவரும் போனார். அவர் அதுவரை அறிந்த குளிர் மீன் சந்தை ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டால் வருகிற குளிர் மட்டும்தான். பதுளையில் தொப்பிக்கு மேல் துவாயைக் கட்டினார். வெலிமடையில் சாறனுக்கு மேல் சாறன் உடுத்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது, கொண்டுபோன துணியில் அவர் உடம்பில் ஏறாதது கன்றுகளின் சட்டை மட்டுமே. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கத் தண்ணீர்ப் பீலியைத் திறந்தவர், முதல் சொட்டுப் பட்டதும் "யா அல்லாஹ்" என்றார். அது துஆவா, அலறலா என்று யதுசாவுக்கு விளங்கவில்லை.

காவலாளி ரத்னபால அங்கே காத்திருந்தார். தேயிலைத் தோட்டப்பக்கத்தில் பழகிய தமிழ் கதைக்கிற சிங்கள மனிதர். மூவருமாகப் புல்வெளியைக் கடந்து நடந்தார்கள். காட்டின் விளிம்பு ஒரு கிழிந்த துணியின் ஓரம் போல இருந்தது: இங்கே உள்ளே போயிருந்தது, அங்கே நூல் நூலாகப் பிரிந்து தனி மரங்களாக நின்றது. மேலே உச்சிப் பக்கம் இலையே இல்லாத மரங்கள், பாசி தொங்கிய வெறும் கிளைகளோடு கூட்டமாக வெளிறி நின்றன. காட்டுக்கும் புல்லுக்கும் நடுவில், எங்கிருந்தோ வந்து குடியேறிய மஞ்சள் பூ முட்புதர் தன் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்தது.

ஒரு பட்ட மரத்தின் உச்சியில் காகம் ஒன்று இருந்தது. மீராமுகைதீன் நின்றுவிட்டார்.

"நீ எங்கடா இஞ்ச?" என்று காகத்தைக் கேட்டார். சந்தையில் மீன் தலைக்குச் சண்டை பிடிக்கிற அதே கழுத்து, அதே சாய்ந்த பார்வை.

"முந்தி காகம் இங்க வாறதில்ல" என்றார் ரத்னபால. "இப்ப ஆக்கள் வாறாங்க, சோத்துப் பார்சல் போடுறாங்க. குளிரும் குறைஞ்சது. காகமும் வந்தது. வந்து ஓணான் புடிச்சுத் தின்னுது."

கன்றுகள் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கூடவும் குறையவும் நின்றன. யதுசா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினாள். இது கீன. இது நம்முடைய நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன். மீராமுகைதீன் சொந்தக்காரனுக்கு முன்னால் குந்தி, நாடாவால் சுற்றளவு எடுத்து, சட்டையைப் போட்டு, பட்டனை மாட்டி, கொலரை நிமிர்த்தி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தியில்லை. கழற்றி மறுபடி போட்டார்.

"காக்கா, இப்பிடிப் போனா மழைக்காலம் வந்திரும்" என்றாள் யதுசா.

"பெருநாளைக்கு உடுப்புப் போடுற புள்ளைய இப்பிடித்தான் அவசரப்படுத்துவாங்களா மகள்?"

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்கு முன்னால் வேலை முடிந்தது. சரிவு முழுக்கக் கன்றுகள் கட்டம் போட்ட சாறனோடு வரிசை வரிசையாக நின்றன. தொழுகைக்கு அணி பிடித்து நிற்கிற ஜமாஅத் போலவே இருந்தது. மீராமுகைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்நாளில் அவர் தைத்த எதுவும் இவ்வளவு அசையாமல், இவ்வளவு ஒழுங்காக உடுக்கப்பட்டதில்லை. பிள்ளைகள் சட்டையைப் போட்ட உடனே சேற்றில் விழுவார்கள். இவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள்.

விடிந்து போய்ப் பார்த்தபோது பாதி வரிசைகளைக் காணவில்லை.

சட்டையும் இல்லை, சட்டைக்குள் இருந்ததும் இல்லை. சில இடங்களில் பட்டன் மட்டும் புல்லில் கிடந்தது. சரிவின் நடுவே பெரிய ஆண்மரை ஒன்று நின்று நிதானமாக அசைபோட்டது. அதன் கொம்பில் ஒரு சாறன் மாட்டி, தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு ஒரு முனை காதோரம் தொங்கியது. அது இவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இடத்துக்குச் சொந்தக்காரர் தான்தான் என்பது இருந்தது. ரத்னபால தன்னை அறியாமல் கும்பிட்டுவிட்டு, உடனே கையைக் கீழே போட்டார்.

"முன்னெல்லாம் இப்பிடி ஒரேயடியா வராதே" என்று யதுசா கன்றிருந்த இடத்தைத் தடவினாள். "நுனியக் கடிச்சிட்டுப் போகும். இது வேரோட… துணியோட… ஏன்?"

புல்லில் கிடந்த ஒரு சட்டைத் துண்டை எடுத்து ரத்னபால முகர்ந்தார். பிறகு நாக்கின் நுனியால் தொட்டார். "மிஸ், உப்பு" என்றார்.

மலையில் உப்புக் கிடைக்காது. மரைக்கு உப்பென்றால் உயிர். இது அங்கே நின்றவர்களில் இருவருக்குத் தெரியும். மூன்றாமவர் அப்போதுதான் கற்றுக்கொண்டார். சும்மா இருந்திருந்தால் பழியைத் தறிகாரன் மேலோ, கடற்காற்றின் மேலோ போட்டிருக்கலாம்.

"நான்தான் மகள்" என்றார் மீராமுகைதீன். "கஞ்சி போட்டன். உப்புக் கஞ்சி."

"கஞ்சியா?"

"மடங்காம நிக்கட்டுமெண்டு."

யதுசா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். "காக்கா, அந்த விதையெல்லாம் நான் கையாலதான் பொறுக்கினன்" என்றாள் மெதுவாக. "சில மரம் காய்க்கிறதே எப்பவோ ஒருக்கா. முளைக்கிறது அதிலயும் கொஞ்சம். தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினன்." அன்றே வேனில் கல்முனைக்குத் திரும்பினார்கள். அம்பாறை வெக்கையிலும் மீராமுகைதீன் இரட்டைச் சாறனைக் கழற்ற மறந்துபோய் இருந்தார்.

அவருக்கு முன்னால் மரையின் படம் ஊருக்கு வந்துவிட்டது. சுற்றிப் பார்க்கப் போன யாரோ எடுத்து அனுப்ப, அது கையிலிருந்து கைக்குப் பாய்ந்து, அப்துல் ஸமடின் சாயக்கடையில் எல்லாப் போனிலும் இருந்தது.

"மீரா காக்கா, சாறன் அவருக்கு நல்லாப் பொருந்தியிரிக்கி" என்று ஸமட் கடைக்குள்ளிருந்தே சத்தம் போட்டார். "என்ன, தலையில கட்டாம இடுப்பில கட்டச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. மருதமுனையில் அந்தத் தறிகாரர் அதே கட்டத்தை 'மரைச் சாறன்' என்று பெயர் போட்டு விற்கத் தொடங்கினார். இளம் பொடியன்மார் அதைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். கலியாண வீடுகளில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரே மாதிரி மரைச் சாறனில் வந்து நின்றார்கள். மீராமுகைதீனிடம் அதற்கு ஓரம் அடிக்க வந்தவர்களை அவர் வேறு டெய்லரிடம் அனுப்பினார். கடைக் கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே இருந்து பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். கஞ்சி போடவில்லை. வாடிக்கையாளர்கள் அதற்கும் குறைசொன்னார்கள்.

ஜெமீலா இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "இஞ்சாருங்க, நம்மட மூத்தவன் பால் மறக்காம அடம்புடிச்சானே, என்ன செஞ்சம்?"

"வேப்பிலை அரைச்சுப் பூசினாய்."

"ஒருக்கா வாய் வெச்சான். பொறகு வந்தானா?"

மீராமுகைதீனின் கை சோற்றில் நின்றது.

"மரையும் உம்மா பெத்த புள்ளதானே" என்றாள் ஜெமீலா.

யதுசாவுக்குக் கோல் எடுக்க அவருக்கு அதற்குப் பிறகும் தைரியம் வரவில்லை; ஜெமீலாவே நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். "மகள், இன்னொருக்கா தைச்சுத் தாறன்" என்றார்.

"கஞ்சி இல்லாமலா?"

"கஞ்சி இல்லாம. கசப்போட."

அவர் சொன்னதைக் கேட்டு யதுசா முதலில் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு என்று பின்னால் சொன்னாள். பிறகு ஆராய்ச்சிக்காரி திரும்பி வந்துவிட்டாள். வேப்பெண்ணெய் பாதிச் சட்டைக்குத்தான் பூச வேண்டும், மற்றப் பாதி சும்மா இருக்க வேண்டும், அப்போதுதான் எது வேலை செய்தது என்று தெரியும் என்றாள்.

"ஒரே வகுப்புப் புள்ளைகள்" என்றார் மீராமுகைதீன். "பாதிக்கு மருந்து, பாதிக்கு இல்லயா? அதென்ன நாயம்?"

"நாயம் இல்ல காக்கா. ஆனா அப்பிடித்தான் செய்யணும்."

அவர் மனமில்லாமல்தான் சம்மதித்தார். மருந்தில்லாத பாதிக்குக் கொஞ்சம் இரக்கப்பட்டு, அவற்றுக்கு மட்டும் பொக்கெட் வைத்துத் தைத்தார். எதற்கு என்று ஜெமீலா கேட்டபோது, "சும்மா, ஒரு ஆறுதலுக்கு" என்றார்.

புதுக் கன்றுகளை நட்டுச் சட்டை போட்டுவிட்டு வந்து, அடுத்த வருஷம் அதே பருவத்தில் திரும்பப் போனார்கள். இந்தத் தடவை ஜெமீலா பின்னிய கம்பளித் தொப்பி அவர் தலையில் இருந்தது. ரத்னபால பாதையிலேயே வந்து நின்று, வேப்பெண்ணெய்ச் சட்டையை நக்கிய மரை எப்படி முகத்தைச் சுளித்தது என்று நடித்துக் காட்டினார். மேலுதட்டைச் சுருட்டி, கண்ணை மூடி, காலை உதறிக் காட்டினார். வண்டியில் வந்த சுற்றுலாக்காரர்கள் அவரையும் படம் எடுத்தார்கள். இதற்குள் சாறன் கட்டிய கன்றுகள் ஏதோ நேர்த்திக்கடன் என்று ஆட்களுக்குள் ஒரு கதை பரவியிருந்தது. ஓரத்து வேலியில் யார் யாரோ துணித்துண்டு கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பரீட்சை பாஸாக வேண்டும் என்று ஒருவர் ரத்னபாலவிடமே சொல்லிவிட்டுப் போனாராம்.

கசப்புப் பூசியவற்றில் பெரும்பாலானவை நின்றன. பூசாதவற்றின் சட்டையில் கடித்த ஓட்டைகள் இருந்தன. உள்ளே சில கன்றுகள் தலையில்லாமல் நின்றன. யதுசா குனிந்து குனிந்து போனவள், சரிவின் கீழ்ப்புறம் ஒரு கீனக் கன்றுக்கு முன்னால் சட்டென்று கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள்.

கன்றின் பொக்கெட்டுக்குள் யாரோ இருந்தார்கள்.

சின்ன ஓணான். மூக்கின் நுனியில் ஒரு வெள்ளை முள். பொக்கெட் விளிம்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டி, ஒரு கண்ணால் இவர்களையும் மறு கண்ணால் மேலே பட்ட மரத்தில் இருந்த காகத்தையும் பார்த்தது. காகம் இறங்கி வந்து, சட்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தது. ஓணான் உள்ளே போயிற்று. காகம் கட்டங்களைச் சாய்ந்து சாய்ந்து பார்த்துவிட்டு, விளங்காமல் பறந்துபோயிற்று.

"இந்த மலைப்பக்கத்த விட்டா உலகத்தில வேற எங்கயும் இது இல்ல காக்கா" என்று யதுசா குசுகுசுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்குக் கன்றெல்லாம் போனபோது அழாதவள்.

அந்தக் கன்றையும் அளக்க வேண்டியிருந்தது. அவள் பட்டனில் கைவைக்கப் போனாள். மீராமுகைதீன் தடுத்தார். "ஆள் உள்ள இரிக்கக்க கழட்டுறதா? மரியாத இல்ல மகள்." ஓணான் தானாக இறங்கிப் போகும்வரை மூவரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். அது அவசரப்படவில்லை. ரத்னபால சுடுதண்ணீர்ப் போத்தலில் இருந்து தேநீர் ஊற்றினார். மூடுபனி ஒருமுறை வந்து எல்லோரையும் நனைத்துவிட்டுப் போயிற்று. அப்போது கன்றுகளின் இலைகளில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து, சட்டை வழியாக வழிந்து வேருக்கு இறங்கியது. அதைப் பார்த்து யதுசா, "இதைத்தான் சொன்னன்" என்றாள். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டையின் அடி ஓரம் தண்ணீரை வேர்ப்பக்கம் திருப்புவதை மீராமுகைதீன் பெருமையோடு பார்த்தார். அது நினைத்துச் செய்ததல்ல. தையல் சுருங்கியதால் வந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

உச்சிப்பக்கத்து மேல் வரிசைக்குக் கடைசியாகப் போனார்கள். அங்கே சட்டைகள் எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு பட்டன்கூடக் கழன்றிருக்கவில்லை. கடித்த அடையாளமும் இல்லை. உள்ளே கன்றுகள் குச்சிகளாக நின்றன. மரை வரவில்லை. வெயிலும் உறைபனியும், வராமல் போன மூடுபனியும் மட்டும்தான்.

"மேல இனிச் சரிவராது போல" என்றாள் யதுசா. "இஞ்ச காடு திரும்பி வாறதுக்கு நாம தைக்கிறது காணாது காக்கா. கீழ ஊரெல்லாம் எரிக்கிற எண்ணெயையும் கரியையும் குறைக்காம இதுக்கு ஒரு சட்டையும் இல்ல."

மீராமுகைதீன் குச்சி குச்சியாகப் போய், ஒவ்வொரு சட்டையின் பட்டனையும் கழற்றினார். உயிருள்ளதற்குப் போட்டபோது எவ்வளவு பக்குவமாகப் போட்டாரோ அவ்வளவு பக்குவமாக எடுத்தார். மடித்து மடித்துப் பையில் வைத்தார். மௌத்தான வீட்டில் இறந்தவரின் உடுப்பை எடுத்து வைக்கிற நேரம் போல இருந்ததால் ரத்னபாலவும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காற்றில் வெறுங்குச்சிகள் லேசாக ஆடின.

பிறகு கீழே வந்தார்கள். பட்ட மரங்கள் விழுந்து கிடந்த ஒரு பள்ளத்தை யதுசா காட்டினாள். விழுந்த அடிமரங்களின் நிழலில் உறைபனி அதிகம் படியாது; மண்ணும் ஈரம். அடுத்த நடுகையை இங்கே வைத்துப் பார்க்கலாம் என்றாள். தானாகவே முளைத்த ஒரு கன்று அங்கே ஏற்கெனவே நின்றது. யாரும் நட்டதல்ல, யாரும் உடுப்பாட்டியதுமல்ல. அடியிலேயே இரண்டாகப் பிரிந்து கவட்டையாக வளர்ந்திருந்தது.

"இதுக்கும் தைக்கலாமா காக்கா?"

மீராமுகைதீன் குளிரில் விறைத்த விரல்களை வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு, கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார். கன்றைச் சுற்றி ஒருமுறை நடந்து, முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"இவருக்குச் சட்டை சரிவராது மகள்" என்றார். "இவருக்கு ரெண்டு கால் வெச்ச களிசான்தான்."